துறைமுக நகரத்துச் சின்ன மியூசியத்துக்குப் போகிறீர்களா? நான்கு தடவை அலைந்தவன் சொல்வதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

நான்கு அறைகள், செங்குத்தான ஒரு மரப்படி, வாசலில் துருப்பிடித்த நங்கூரம். மியூசியமே அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் ஒரே ஒரு படத்தைப் பார்க்க எனக்கு நான்கு பயணம் ஆனது. முதல் தடவை கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது தடவை கதவு திறந்திருந்தது, ஆனால் கடைசி நுழைவு நேரம் தாண்டிவிட்டது. மூன்றாவது தடவை உள்ளே விட்டார்கள். தேடி வந்த படம் சுவரில் இல்லை, கிடங்கில் இருக்கிறது, கிடங்கிலிருந்து எடுக்க முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார்கள். நான்காவது தடவைதான், இழுவைப் படகின் தளத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் தாத்தா நிற்கும் படம் மேசைக்கு வந்தது.

பெரிய மியூசியத்தில் டிக்கெட் எடுத்தால் உள்ளே போய்விடலாம். ஊர் வரலாற்றுக்கென்று நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் மியூசியம் அப்படி ஓடுவதில்லை. அது அந்த நாலைந்து பேருடைய நேரத்தில் ஓடுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனதுதான் என் முதல் தப்பு. மற்ற தப்புகள் கீழே வரிசையாக வருகின்றன.

1. கதவு திறந்திருக்குமா என்று முதலில் பாருங்கள்

உலகெங்கும் பல மியூசியங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு திறந்து வைப்பதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் விடுப்பு அது. சின்ன மியூசியம் என்றால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அதுவும் மதியத்துக்கு மேல் மட்டும் திறப்பதும் உண்டு. கடலோர நகரங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: சுற்றுலாப் பருவம் முடிந்ததும் மாதக்கணக்கில் மூடிவிடுவார்கள். நான் முதல் தடவை போனது பருவம் முடிந்த அடுத்த வாரம். கதவில் கையால் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. இணைய வரைபடத்திலோ 'இப்போது திறந்திருக்கிறது' என்று பச்சை எழுத்து.

அந்தப் பச்சை எழுத்தை நம்பாதீர்கள். எப்போதோ யாரோ போட்ட நேரம் அது. மியூசியத்தின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள், அதில் கடைசியாக எப்போது புதுச் செய்தி போட்டார்கள் என்றும் பாருங்கள். இரண்டு வருடமாக அசையாத பக்கம் என்றால் அதையும் நம்ப வேண்டாம். போன் செய்யுங்கள். திறந்திருக்கும் என்று போட்டிருக்கும் நேரத்திலேயே செய்யுங்கள். மற்ற நேரத்தில் எடுக்க ஆள் இருக்காது. யாரும் எடுக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கேட்க வேண்டியவை மூன்று. நான் வரும் தேதியில் திறந்திருக்குமா? கடைசி நுழைவு எத்தனை மணிக்கு? அன்றைக்குப் பள்ளிக் குழந்தைகளோ பெரிய குழுவோ வருகிறார்களா? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூடும் நேரத்துக்கு அரை மணி, சில இடங்களில் ஒரு மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து மணிக்கு மூடும் இடத்துக்கு நாலே முக்காலுக்கு மூச்சிரைக்கப் போய் நின்றவன் சொல்கிறேன்.

பயணிகள் கப்பல் வந்து நிற்கும் துறைமுகம் என்றால் துறைமுகத்தின் கப்பல் வருகை அட்டவணையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கும். இரண்டாயிரம் பேர் இறங்கும் காலையில் நான்கு அறை மியூசியத்துக்குள் நிற்க இடம் இருக்காது. அப்புறம், மே 18 சர்வதேச மியூசியம் தினம். 1977 முதல் கொண்டாடுகிறார்கள். அன்று நுழைவு இலவசமாகவும் கிடங்கைச் சுற்றிக் காட்டுவதாகவும் பல இடங்களில் அறிவிப்பார்கள். கூட்டம் இருக்கும், ஆனால் மற்ற நாளில் திறக்காத கதவுகள் அன்று திறக்கும்.

2. பார்க்கப் போகிறீர்களா, தேடப் போகிறீர்களா?

இரண்டும் வேறு வேறு வேலை. சும்மா சுற்றிப் பார்க்கத்தான் என்றால் படி 3-ஐயும் படி 8-ஐயும் தாண்டிவிடலாம். ஒரு படம், ஒரு ஆளின் பெயர், ஒரு கப்பல், ஒரு தெரு என்று எதையாவது தேடிப் போகிறீர்கள் என்றால் தாண்டாதீர்கள். எந்த மியூசியத்திலும் காட்சிக்கு வைத்திருப்பது இருப்பதில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சமெல்லாம் பெட்டிகளில், மாடி அறையில், சில சமயம் ஊரின் இன்னொரு மூலையில் வாடகைக்கு எடுத்த கிடங்கில் கிடக்கும்.

3. தேடுபவர்கள் முன்கூட்டியே எழுதுங்கள்

என் முதல் மின்னஞ்சல் இப்படி இருந்தது: 'என் தாத்தா உங்கள் துறைமுகத்தில் வேலை செய்தார். அவரைப் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது?' பதிலே வரவில்லை. வராதது நியாயம்தான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரிக்க வேண்டும். இரண்டாவது கடிதம் இப்படிப் போனது:

'வணக்கம். என் தாத்தா இன்ன பெயர், ஏறக்குறைய இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை உங்கள் துறைமுகத்தில் இன்ன பெயருள்ள இழுவைப் படகில் வேலை பார்த்தார். அந்தப் படகின் படமோ பணியாளர் பட்டியலோ உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன். இந்த மூன்று தேதிகளில் எதுவானாலும் எனக்குச் சரி. எங்களிடம் இருக்கும் படத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.'

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. ஒரே கேள்வி, ஆண்டு எல்லை, மூன்று தேதி, ஒரு இணைப்பு. இவ்வளவு போதும். குடும்பக் கதையை நேரில் போகும்போது வைத்துக்கொள்ளலாம், அங்கே இருப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். பதில் வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலானால் பணிவாக ஒரு நினைவூட்டல், ஒன்றே ஒன்று. டிக்கெட், தங்குமிடம் எல்லாம் பதில் கையில் வந்த பிறகு.

கப்பல் பெயரை வைத்துத் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கும். விற்றால் பெயரும் மாறும். மாறாதது எண்தான். பிரிட்டிஷ் பதிவில் இருந்த கப்பல்களுக்கு 1855 முதல் ஒரு நிரந்தரப் பதிவெண் கொடுத்தார்கள். கப்பல் கை மாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் கூடவே போகும். பிந்தைய காலக் கப்பல்களுக்கு ஐஎம்ஓ எண், அதாவது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் எண் இருக்கும். 1987-ல் அறிமுகமாகி, 1996-லிருந்து பெரிய கப்பல்களுக்குக் கட்டாயமானது. ஏழு இலக்கம். பழைய தாளில் பார்த்த எண் சரியா என்று நீங்களே சோதிக்கலாம்: முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்றால் 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139, கடைசி இலக்கம் 9. சரி. மங்கிய எழுத்தில் 1-ஆ 7-ஆ என்று குழம்பும்போது இந்தக் கணக்கு என்னைவிட என் மாமாவுக்குத்தான் அதிகம் உதவியது. அவர் அப்பா சரக்குக் கப்பலில் இருந்தவர்.

கப்பல்களின் விவரங்களைத் தொகுத்து வெளியிடும் லாய்ட்ஸ் கப்பல் பதிவேடு 1764-லிருந்து இருக்கிறது. பழைய தொகுதிகளை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கடிதம் எழுதும் முன் அதில் ஒருமுறை தேடிவிடுங்கள். ஆனால் நூறு டன்னுக்குக் குறைந்த சின்னப் படகுகள், அதாவது துறைமுகத்துக்குள்ளேயே ஓடிய இழுவைப் படகு, வழிகாட்டிப் படகு, தோணி போன்றவை அதில் பெரும்பாலும் அகப்படாது. அவற்றின் தடயம் இருந்தால் அந்த ஊரில்தான் இருக்கும். சின்ன மியூசியத்துக்கு நாம் அலைவதே இதற்காகத்தான்.

ஆள் பெயரில் தேடினால், எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டு நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டி ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள். என் தாத்தாவின் பெயர் ஒரே பதிவேட்டில் மூன்று விதமாக இருந்தது.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

சுற்றிப் பார்ப்பவருக்கு: படம் ஒட்டிய அடையாள அட்டை ஒன்று, மாணவர் அல்லது மூத்த குடிமக்கள் சலுகை கேட்பதாக இருந்தால் அதற்கான அட்டை. போனில் படமாக இருப்பதைச் சில இடங்களில் ஏற்பதில்லை, அசலை எடுத்துச் செல்லுங்கள்.

தேடுபவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். வரச் சொல்லி அவர்கள் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பதில் எழுதியவர் அன்று விடுப்பில் இருக்கலாம். வாசலில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது, அந்தத் தாள்தான் பேசும். கல்லூரி ஆய்வுக்காக என்றால் துறைத் தலைவரின் கடிதம். குடும்பத்தைத் தேடுகிறீர்கள் என்றால், குறிப்பாகப் பணியாளர் கோப்பு போன்றவற்றைப் பார்க்க, அந்த ஆளுக்கு நீங்கள் என்ன உறவு என்று காட்டும் சான்றின் நகல் கேட்பார்கள். சமீப காலக் கோப்பில் உயிரோடு இருப்பவர்களின் விவரம் இருக்கும். அதனால் சான்று இருந்தாலும் காட்ட மறுக்கலாம்.

இனி முக்கியமான பொறி. உங்கள் வீட்டுப் படத்தின் அசலை எடுத்துப் போனீர்கள் என்றால், 'ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறோம், விட்டுவிட்டுப் போங்கள்' என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். ரசீது இல்லாமல் விட்டுவிட்டு வராதீர்கள். என்ன பொருள், எத்தனை, என்ன நிலையில், எப்போது திருப்பித் தருவார்கள், யார் வாங்கிக்கொண்டார் என்று ஐந்தும் எழுதிய தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வேலை பார்ப்பவர் மாறிவிட்டால், அடுத்து வருபவருக்கு அது மியூசியத்தின் சொத்தாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆல்பம் இப்படித்தான் ஒரு மியூசியத்தில் இன்னும் 'வாங்கியது யாரிடமிருந்து என்று தெரியவில்லை' பட்டியலில் கிடக்கிறது. அசல் வீட்டிலேயே இருக்கட்டும், நல்ல ஸ்கேன் கொண்டு போங்கள்.

5. செலவு எங்கெங்கே ஒளிந்திருக்கிறது

நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் குறைவு, பல இடங்களில் இல்லவே இல்லை. உண்டியல் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். செலவு இந்த வரிசையில் ஏறுகிறது: நுழைவு, கேமராக் கட்டணம், நகல் அல்லது ஸ்கேன், ஊழியர் உட்கார்ந்து தேடிக் கொடுத்தால் மணிக் கணக்கில் கட்டணம், கடைசியாகப் படத்தை வெளியிட அனுமதி. கடைசி இரண்டும்தான் கையைக் கடிக்கும். தேடச் சொல்லும்போதே 'இத்தனை மணி நேரத்துக்கு மேல் போனால் என்னைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்' என்று எழுதிவிடுங்கள்.

வெளியிடும் அனுமதி பற்றி ஒரு வார்த்தை. படத்தின் தாள் மியூசியத்துடையதாக இருக்கலாம். காப்புரிமை, படத்தை எடுத்தவரிடமோ அவர் வாரிசிடமோ இருக்கலாம். மியூசியத்துக்குப் பணம் கட்டி ரசீது வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 'காப்புரிமை யாரிடம் இருக்கிறது' என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுச் சுவரில் மாட்டத்தான் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், கட்டணம் பாதியாகக் குறையும் இடங்கள் உண்டு.

கையில் சில்லறைப் பணமும் வைத்திருங்கள், அட்டையும் வைத்திருங்கள். ஒரு மியூசியத்தில் அட்டை இயந்திரம் கிடையாது, இன்னொன்றில் ரொக்கமே வாங்குவதில்லை. நடுவில் ஒரு மியூசியத்தில் இரண்டும் உண்டு, ஆனால் இயந்திரத்துக்குச் சார்ஜ் போட்டிருக்கவில்லை.

6. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீரையும் பாருங்கள்

இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. கரையோர மியூசியங்கள் பலவற்றில் ஒரு பகுதி தண்ணீரில் இருக்கும்: கலங்கரை விளக்கம் போலக் கடலில் நங்கூரமிட்டு நின்ற பழைய விளக்குக் கப்பல், படகுத்துறை, மிதவை மேடை. கரையிலிருந்து அதற்குப் போகும் நடைபாலத்தின் ஒரு முனை கரையில் அசையாமல் நிற்கும், மறுமுனை தண்ணீரோடு ஏறி இறங்கும். உயர் ஓதத்தில், அதாவது கடல் மட்டம் ஏறி நிற்கும்போது, பாலம் சமமாக இருக்கும். தாழ் ஓதத்தில் அதே பாலம் சறுக்குமரம்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. காலையில் பத்து மணிக்குச் சும்மா நடந்து கப்பலுக்குள் போனவர், நாலு மணிக்குத் திரும்பும்போது பாலத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இடைவெளி. உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்குப் போக ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். தினமும் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, மூட்டுவலி இருக்கிறவர்கள் ஓத அட்டவணையில் உயர் ஓத நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னே போய் ஒரு மணி நேரம் பின்னே வந்துவிடுவது போலத் திட்டமிடுங்கள். இது எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொருந்தாது. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும். மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இருக்காது. ஏரிக்கரை நகரம் என்றால் ஓதக் கவலையே இல்லை, காற்றை மட்டும் பாருங்கள். பலத்த காற்றென்றால் கப்பல் பகுதியை மூடிவிட்டுக் கட்டடத்தை மட்டும் திறப்பார்கள், டிக்கெட் விலை பெரும்பாலும் குறையாது.

கட்டடமும் பழைய சரக்குக் கிடங்காகவோ துறைமுகச் சுங்க அலுவலகமாகவோ இருக்கும். லிஃப்ட் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். 'மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி உண்டு' என்று போட்டிருப்பது கீழ்த்தளத்துக்கு மட்டும் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தட்டையான, வழுக்காத செருப்போ ஷூவோ போடுங்கள். கப்பலின் இரும்பு ஏணியில் பை மாட்டிக்கொண்டு இறங்க முடியாது, பை வைக்க லாக்கர் இருக்கிறதா என்பதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம்.

7. உள்ளே போனதும்

முதலில் கண்ணுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். வெளியே கடல் வெளிச்சத்தில் நின்றுவிட்டு உள்ளே போனால் இருட்டுக்குகை மாதிரி இருக்கும். கஞ்சத்தனம் இல்லை. தாள், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சம்தான் வழக்கமாக வைப்பார்கள், அதற்கு மேலானால் நிறம் வெளுத்துவிடும். ஃப்ளாஷ் கூடாது என்பதும் பெரும்பாலும் எங்கும் உண்டு. போனில் ஃப்ளாஷை வாசலிலேயே அணைத்துவிடுங்கள். தானாக அடிக்கும் நிலையில் விட்டுவிட்டு நான் வாங்கிய திட்டு எனக்கு மட்டும் போதும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விவரச் சீட்டின் கடைசி வரியில் குட்டி எழுத்தில் ஒரு எண் இருக்கும். எல்லோரும் தாண்டிப் போவது இதைத்தான், நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். 1987.12.3 என்று இருந்தால் பெரும்பாலும் பொருள் இது: 1987-ல் வந்தது, அந்த ஆண்டு வந்த பன்னிரண்டாவது நன்கொடை, அதில் மூன்றாவது பொருள். ஆக 1987.12.1-ம் 1987.12.2-ம் எங்கோ இருக்கின்றன, அதே வீட்டிலிருந்து வந்தவை. என் தாத்தா படம் அகப்பட்டது இப்படித்தான். சுவரில் இருந்தது வேறொரு படகின் மணி. அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு 'இந்தத் தொகுப்பில் மற்றவை என்ன' என்று கேட்டேன். அதே நன்கொடையில் ஒரு கட்டுப் படங்கள் வந்திருந்தன.

கப்பல் மாதிரிகள் இருக்கும் அறையில் கொஞ்சம் குனியுங்கள். நடுப்பகுதியில், நீர்மட்டம் வரும் இடத்தில், ஒரு வளையமும் அதைக் குறுக்கே வெட்டும் கோடும், பக்கத்தில் ஏணிப்படி போல சில கோடுகளும் தெரியும். கப்பலில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று காட்டும் குறி அது. வெவ்வேறு நீருக்கும் பருவத்துக்கும் ஒவ்வொரு கோடு. நன்னீரில் கப்பல் இன்னும் ஆழமாக அமிழும் என்பதால் அதற்குத் தனிக் கோடு. பிரிட்டனில் இந்தக் குறி சட்டப்படி கட்டாயமானது 1876-ல். வீட்டுப் பழைய படத்தின் காலத்தைக் கணிக்க இந்த மாதிரி அடையாளங்கள் உதவும். பின்னணியில் கன்டெய்னர்கள் அடுக்கியிருந்தால் பெரும்பாலும் 1960-களுக்கு முன்னே போகாது. இன்றைய கன்டெய்னர் கப்பல் போக்குவரத்து தொடங்கியதே 1956-ல்தான் என்பார்கள்.

கலங்கரை விளக்கின் அடுக்குக் கண்ணாடி இருந்தால் கை வைக்காதீர்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், அது கூப்பிடும்.

ஒரு மணி நேரத்தில் நான்கு அறையும் பார்த்துவிடலாம். ஆனால் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவரிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று மணி நேரம் ஆகும். அவர் பெரும்பாலும் துறைமுகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'இதில் உங்களுக்குத் தெரிந்த படகு எது?' என்று கேளுங்கள், அப்புறம் நீங்கள் பேச வேண்டியதில்லை.

8. வாசிப்பு மேசையில்

பேனா கூடாது, பென்சில் மட்டும். மூன்றாவது தடவையிலேயே இது தெரிந்தும் நான்காவது தடவையும் பேனாவோடுதான் போனேன். கடனாகக் கொடுத்த பென்சில் என் விரலைவிடக் குட்டை. தண்ணீர் பாட்டிலும் பையும் வெளியே. தாளைத் தொடச் சுத்தமான, உலர்ந்த வெறுங்கை போதும், கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு தெரியாமல் ஓரம் கிழியும். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை கொடுப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் கொடுத்திருந்தால் முதல் மணியில் எதையும் ஆழமாகப் படிக்காதீர்கள். எல்லாவற்றையும் புரட்டி, அனுமதி இருந்தால் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பெட்டி எண், கோப்பு எண் எழுதிய சீட்டு ஓரத்தில் தெரியட்டும். நான் சீட்டு வைக்காமல் எடுத்த நாற்பது படங்களில் எது எந்தப் பெட்டி என்று இன்றுவரை தெரியாது. படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் கிறுக்கல் எல்லாம் அங்கேதான். தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். தப்பாக இருக்கிறது என்று பட்டாலும் சொல்லுங்கள், நீங்களே சரி செய்ய வேண்டாம்.

9. உங்களிடம் இருப்பதைக் கொடுக்க நினைத்தால்

வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவது உதவி இல்லை, தலைவலி. முதலில் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். 'வேண்டாம்' என்றும் சொல்வார்கள். அதே மாதிரிப் பொருள் அவர்களிடம் ஏற்கெனவே ஆறு இருக்கும், அல்லது வைக்க இடம் இருக்காது. வாங்கிக்கொண்டால் நன்கொடைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் போட்டதும் பொருள் அவர்களுடையது, காட்சிக்கு வைப்பதா, பெட்டியில் வைப்பதா, ஒருநாள் வேறு மியூசியத்துக்குத் தருவதா என்பது அவர்கள் முடிவு. 'எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனையை எந்த மியூசியமும் பெரும்பாலும் ஏற்காது. குடும்பத்தில் மற்றவர்களைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சித்தப்பா ஆறு மாதம் கழித்து வந்து கேட்டால் பத்திரம் அவருக்குச் சாதகமாகப் பேசாது.

10. வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் நன்றி சொல்லி எழுதுங்கள், ஊர் திரும்பியதும் மறந்துவிடும். விவரச் சீட்டிலோ பட்டியலிலோ தப்பு கண்டால் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்: பொருளின் எண், அங்கே இருப்பது, சரியானது, அதற்கு ஆதாரம். ஆதாரம் இல்லாமல் 'எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள்' என்றால் குறிப்பாகச் சேர்ப்பார்கள், திருத்த மாட்டார்கள். அவர்களுடைய குழு கூடும்போதுதான் முடிவெடுப்பார்கள், மாதங்கள் ஆகும்.

எனக்கு ஏழு மாதம் ஆனது. அந்தப் படத்தின் பட்டியல் குறிப்பில் 'இழுவைப் படகுப் பணியாளர்கள் நால்வர், பெயர் தெரியவில்லை' என்று இருந்தது. இப்போது ஒரு பெயரும், 'பெயர் தெரியாத மூவரும்' இருக்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பு. மறுபடி எழுதியிருக்கிறேன்.